பினாங்கில் கடலோரம் மீன் சாப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து இந்த விடுமுறைக்கு மலேசியா கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா இல்லாமலே 30 நாள் தங்க விடுகிறார்கள். திருச்சியில் ஏறினால் நேரே கோலாலம்பூரில் இறங்கிவிடலாம். எங்கள் தெருவிலேயே மூன்று குடும்பம் போய் வந்துவிட்டது. நாங்களும் போனோம். போனதில் குறையில்லை. ஒரே ஒரு இராத்திரிச் சாப்பாட்டுக்கு 18,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

பினாங்கு என்றால் எங்கள் வீட்டில் தனிப் பாசம். என் அப்பா, நாங்கள் அப்பச்சி என்போம், அவரைப் பெற்ற ஐயா அங்கே ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய இடத்தில், அடுத்தாளாக, உதவிக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அப்பச்சிக்கு இப்போது 76 வயது. ஐயா இருந்த ஊரை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பினாங்கு வீதியில் ஒவ்வொரு பழைய வாசலாக நின்று நின்று பார்த்தார். சனிக்கிழமை தண்ணீர்மலை போய்த் தண்டாயுதபாணியைக் கும்பிட்டோம். காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலேற்றிய வெள்ளி ரதத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கோயிலுக்குப் போன அன்றைக்குக் கவுச்சி கிடையாது. அதனால் மீன் சாப்பாடு மறுநாள் என்று வைத்துக்கொண்டோம்.

ஞாயிறு சாயங்காலம் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைப் பக்கம் போனோம். கார் ஓட்டி வந்தவர் தமிழர். "அண்ணே, கடலைப் பார்த்துக்கிட்டே சாப்பிடலாம், மீனெல்லாம் உயிரோட தொட்டியில இருக்கும், ஐயாவுக்கும் புடிக்கும்" என்று அவரே ஒரு உணவகத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவருக்கு அங்கே கமிஷன் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அதனால் அவர் மேல் பழி சொல்ல மாட்டேன். ஆனால் வெளியூரில் ஒருவர் தமிழில் பேசியதுமே நான் விசாரிப்பதை நிறுத்திவிட்டேன். அது என் தப்பு.

இடம் நன்றாக இருந்தது. மணலை ஒட்டி மேசை, காலடியில் அலைச் சத்தம், பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். உட்கார்ந்த உடனே வேர்க்கடலை இரண்டு கிண்ணம், ஆளுக்கொரு ஈரத் துண்டுப் பொட்டலம் வைத்தார்கள். நாங்கள் கேட்கவில்லை. உபசாரம் என்று நினைத்துப் பிரித்துவிட்டோம்.

விலைப் பட்டியலில் களவா மீனுக்கு நேரே 22 என்று போட்டிருந்தது. இறாலுக்கு 14, நண்டுக்கு 16. அன்றைக்கு ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 20 ரூபாய். மீன் 440 ரூபாய், பரவாயில்லையே என்று எனக்குச் சந்தோஷம். அந்தப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், 'மேற்கண்ட விலை 100 கிராமுக்கு' என்று இருந்ததை நான் பார்த்தது பில் வந்த பிறகுதான். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 220 ரிங்கிட், அதாவது 4,400 ரூபாய். நம் ஊரில் நல்ல வஞ்சிரம்கூட அந்த விலைக்குப் போகாது.

பரிசாரகர் என்னைத் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார். வலையில் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார். துள்ளியது. சரி என்றேன். அவர் அதை அப்படியே உள்ளே கொண்டுபோய்விட்டார். தராசு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இறாலும் நண்டும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்கு "ஒரு தட்டு" என்றேன். எடை போட்டு விற்கிற இடத்தில் தட்டுக் கணக்குச் சொன்னால், தட்டில் எவ்வளவு வைப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டோம் என்று அர்த்தம். அது அப்போது உறைக்கவில்லை.

மீன் ஆவியில் வெந்து வந்தது. ருசியில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தட்டை வைத்ததுமே ஆத்தா, அதாவது என் அம்மா, முகம் மாறிவிட்டது. தொண்டியிலிருந்து கூடை கொண்டுவருகிறவர்களிடம் ஐம்பது வருடமாக மீன் வாங்கிச் சமைத்த கை அது. தலையிலிருந்து வால் வரைக்கும் மேலாகக் கையை விரித்து அளந்தார். இரண்டு சாண் நிறையவில்லை. "முக்கால் கிலோ இருக்கும், மிஞ்சிப்போனா ஒரு கிலோ" என்றார்.

பில்லில் அந்த மீன் 1.8 கிலோ.

மீனுக்கு மட்டும் 396 ரிங்கிட். இறால் 700 கிராம் என்று 98. நண்டு 900 கிராம் என்று 144. கங்கோங் கீரை, சோறு, நாலு இளநீர் எல்லாம் சேர்த்து 86. கேட்காத கடலைக்கு 12, கை துடைத்த ஈரத் துண்டுக்கு ஆளுக்கு ஒன்று வீதம் 6. ஆக 742. அதற்கு மேல் சேவைக் கட்டணம் நூற்றுக்கு 10, அரசாங்க வரி நூற்றுக்கு 6. மொத்தம் 860 ரிங்கிட்டும் சில்லறையும். வரி அரசாங்கத்துக்குப் போவது, அதில் எனக்கு வருத்தமில்லை. சேவைக் கட்டணம் அந்தந்தக் கடை வைப்பது. அதைப் பட்டியலில் எழுதியிருந்ததா என்பதை முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும்.

எடைச் சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அப்படியொன்று கிடையாது என்றார் கல்லாவில் இருந்தவர். குடல் எடுக்கும் முன் போட்ட எடை, வெந்தால் குறையும் என்றார். அப்பச்சி எழுந்து வந்து, "குறையும் தம்பி, பாதியாவா குறையும்?" என்று தமிழில்தான் கேட்டார். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, பதில் வரவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து பக்கத்தில் நின்றார்கள். பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பார்த்தார்கள். வயதானவர்களை வைத்துக்கொண்டு வழக்காட எனக்கு மனம் வரவில்லை. கார்டை நீட்டினேன்.

அங்கேயும் ஒரு அடி. கார்டு மெஷினில் ரூபாயா, ரிங்கிட்டா என்று கேட்டது. ரூபாய் என்றால் நமக்கு விளங்குமே என்று அதை அமுக்கினேன். 18,040 ரூபாய் போய்விட்டது. அன்றைய மாற்று விலைக்கு 17,200 சொச்சம்தான் வரவேண்டும். நம் காசில் எடுக்கச் சொன்னால் மெஷின்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு மாற்று விலை வைத்துக்கொள்கிறார். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த ஊர்க் காசையே அமுக்குங்கள்.

போகிறவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மீன் தொட்டி வைத்த கடையில் விலை எத்தனை கிராமுக்கு என்று வாய்விட்டுக் கேளுங்கள். மீனைத் தராசில் வைக்கும்போது கூடவே நில்லுங்கள். முதலில் வெறும் கூடையை வைத்து முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள், தண்ணீரை வடித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். தராசின் எண்ணோடு மீனை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மீன் மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வெந்த மீனைத் திருப்பிக் கொடுக்க முடியாது. விலைக்குப் பதில் 'சந்தை விலை' என்று போட்டிருந்தால் எண் தெரியாமல் தலையாட்டாதீர்கள். கேட்காமல் வைத்த கடலையையும் துண்டையும் பிரிக்காமல் எடுத்துப்போகச் சொல்லலாம், அங்கே அது வழக்கம்தான், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. மறுநாள் கர்னி டிரைவ் பக்கத்து உணவுக் கடைகளுக்குப் போனோம். அங்கும் கடல் காற்றுதான். ஒவ்வொரு கடையிலும் விலையைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆறு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம், முதல் நாள் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

மலேசியாவில் கொள்ளை லாபத்தைத் தடுக்க 2011-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு இணையத்திலேயே புகார் வாங்குகிறது. ஊர் திரும்பியதும் பில்லையும் விலைப் பட்டியல் போட்டோவையும் வைத்து அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன். எடைக்குச் சாட்சி ஆத்தாவின் கைச் சாண் மட்டும்தான். அந்த ஒரு போட்டோ இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அசல் பில் அப்பச்சியிடம் இருக்கிறது. அன்றைக்கே வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேவகோட்டை வந்து சேர்ந்த மறுநாள் காலையில் கணக்கு நோட்டை எடுத்து, பயணச் செலவில் அதை ஒரு வரியாக எழுதிக்கொண்டிருந்தார். "எவ்வளவு எடைன்னு போட, அவங்க சொன்னதா, ஆத்தா சொன்னதா?" என்று என்னைக் கேட்டார்.