இன்ரர்நெற் அடிக்கடி அறுகிறதா? அம்பிளிபயருக்குக் காசு கொடுக்க முதல் மொடெமைப் பாருங்கள்

கனடாவின் ஸ்காபரோவில் வீடு வீடாக வந்து இன்ரர்நெற் திருத்திக் கொடுக்கும் தனியார் ஒருவர், தெரிந்த குடும்பமொன்றிடம் 380 டொலர் கறந்துவிட்டார். அவர்களுடைய கேபிள் இணைப்பு நாளுக்குப் பல தடவை அறுந்துகொண்டிருந்தது. வந்தவர் புது வைஃபை ரூற்றர் ஒன்றை விற்றார், சுவரில் சிக்னலைக் கூட்டும் அம்பிளிபயர் ஒன்றைப் பூட்டினார், மொடெமின் பின்துளைக்குள் ஊசியை விட்டு ரீசெற் செய்தார். காசு ஈ-ரான்ஸ்பரில் போனது. பில் இல்லை. அன்றிரவே திரும்பவும் அறுந்தது. போன் எடுத்துக் கேட்டதற்கு, மொடெம் பழசு, அதையும் மாற்றுங்கள் என்றாராம்.

ரூற்றர் பழுதில்லை. மொடெமும் பழுதில்லை. பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்காகப் பழைய ரிவி வயரைப் பிரித்து வைத்த இடத்தில்தான் பிழை இருந்தது. வந்தவர் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

இணைப்பு அறும் நேரத்தில் மொடெமின் ஒன்லைன் விளக்கைப் பாருங்கள். அது மினுங்கினால் அல்லது அணைந்தால் கோளாறு மொடெமுக்கு வரும் பக்கம். எத்தனை ரூற்றர் வாங்கினாலும் தீராது. விளக்கு நின்று எரிய வைஃபை மட்டும் போகிறதென்றால்தான் ரூற்றரைச் சந்தேகிக்கலாம். லப்ரொப்பை லான் வயரால் மொடெமில் நேரே கொழுவிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

அடுத்து, பிரவுசரில் 192.168.100.1 என்று அடியுங்கள். வாடகைக்குத் தரும் சில மொடெம்களில் இது 10.0.0.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். உள்ளே சிக்னல் பக்கமும், நடந்த கோளாறுகளைப் பதிந்து வைக்கும் லொக் பக்கமும் உண்டு. எதையும் கழற்ற முன், ரீசெற் செய்ய முன், இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். பல மொடெம்களில் ரீசெற் லொக்கை அழித்துவிடும். அந்த ஊசி வேலை இருந்த ஒரே சாட்சியையும் இல்லாமலாக்கிவிட்டது.

டவுன்ஸ்ட்ரீம் பவர், அதாவது மொடெமுக்கு வரும் சிக்னலின் பலம், -7 முதல் +7 டிபிஎம்விக்குள் (சிக்னல் பலத்தின் அலகு) இருந்தால் நல்லது. எஸ்என்ஆர், அதாவது இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பது, 33 டெசிபெலுக்குக் கீழே இறங்கக்கூடாது. முக்கியமானது அப்ஸ்ட்ரீம் பவர், அதாவது மொடெம் திருப்பி அனுப்பும் சிக்னலின் பலம்: 35க்கும் 49க்கும் இடையில் இருந்தால் பயமில்லை. டொக்சிஸ் 3.0 (கேபிள் இன்ரர்நெற்றின் ஒரு தரம்) மொடெமில் 51 என்று நின்றால், அது தொண்டை கிழியக் கத்தியும் கொம்பனிப் பக்கத்துக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். லொக்கில் ரி3 ரைம்-அவுட், அதாவது அனுப்பியதற்குப் பதில் வரவில்லை என்ற பதிவு, வரிசையாக விழும். பதில் வராமலே போனால் மொடெம் திரும்ப முதலிலிருந்து இணையத் தொடங்கும். உங்களுக்கு அது 'அறுகிறது'.

அந்த வீட்டில் அம்பிளிபயர் இல்லாமல் டவுன்ஸ்ட்ரீம் -13, அப்ஸ்ட்ரீம் 51. வெளியிலிருந்து வரும் வயர் முதலில் இரண்டாகப் பிரியும் ஸ்பிளிற்றரில் ஏறி, பிறகு நான்காகப் பிரிவதில் ஏறித்தான் மொடெமுக்கு வந்தது. முதலாவதில் சுமார் 3.5 டெசிபெல், இரண்டாவதில் சுமார் 7, மொத்தம் 10.5 வீணாகிறது. அம்பிளிபயர் பூட்டியதும் டவுன்ஸ்ட்ரீம் இலக்கம் அழகாகிவிட்டது. அதைக் காட்டித்தான் காசு வாங்கியிருக்கிறார். ஆனால் இவ்வகை மலிவு அம்பிளிபயர் வரும் சிக்னலை மட்டும் கூட்டும். போகும் சிக்னலுக்கு எதுவும் செய்யாது. 51 அப்படியே நின்றது. திரும்பும் பாதையே இல்லாத ரிவி அம்பிளிபயரைப் பூட்டியிருந்தால் மொடெம் ஒன்லைனுக்கே வந்திராது.

இரண்டு ஸ்பிளிற்றரையும் அம்பிளிபயரையும் கழற்றி, உள்ளே வரும் வயரை ஒரு இணைப்பி வழியாக மொடெமுக்கு நேரே கொடுத்ததும் டவுன்ஸ்ட்ரீம் -2.5, அப்ஸ்ட்ரீம் 42. யாரும் ரிவி பார்க்காத ஸ்பிளிற்றருக்கு இத்தனை செலவு! உண்மையில் பிரிக்கத்தான் வேண்டுமென்றால் 5–1000 மெகாஹேர்ட்ஸ் என்று எழுதிய இரண்டு வழி ஸ்பிளிற்றர் ஒன்று போதும். பாவிக்காத வாய்க்கு 75 ஓம் மூடி போடுங்கள்.

கொனெக்ரர்களையும் பாருங்கள். கையால் முறுக்கிப் பூட்டும் வகை என்றால் வெட்டி எறிந்துவிட்டு, ஆர்ஜி-6 வயருக்குரிய (வழமையான கேபிள் வயர்) கொம்ப்ரெஷன் வகையை, அதாவது கருவியால் அழுத்திப் பூட்டுவதைப் போடுங்கள். நடுக் கம்பி விளிம்புக்கு வெளியே சுமார் 3 மில்லிமீற்றர் நீண்டிருக்க வேண்டும், பச்சை பிடித்திருக்கக்கூடாது. கையால் இறுக்கிய பின் 7/16 அங்குலச் சாவியால் இலேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான். மழைக்கும் கடுங்குளிருக்கும் மட்டும் அறுகிறதென்றால் வெளிச்சுவரிலுள்ள இணைப்புக்குள் தண்ணீர் போயிருக்கலாம்.

நேர் வயரிலும் இலக்கங்கள் பிழையாக இருந்தால் அது கொம்பனியின் வேலை. எடுத்த படங்களைக் காட்டி ரெக்னீசியனைக் கேளுங்கள். வருபவரிடம் வீட்டுக்குள் வயர் நுழையும் இடத்திலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். முறையிட்ட திகதியையும் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். கொம்பனி அலைக்கழித்தால், தொலைத்தொடர்பு முறைப்பாடுகளைக் கவனிக்கும் சிசிடிஎஸ் அமைப்பில் இலவசமாக முறையிடலாம். முதலில் கொம்பனியிடம் சொன்னதற்கு ஆதாரமாக அந்தக் குறிப்பு உதவும்.