சம்பளமா, கட்டணப் பங்கா?

சிறப்பு மருத்துவரை மாதச் சம்பளத்துக்கு வைப்பதா, நோயாளி கட்டணத்தில் பங்கு கொடுத்து வரவழைப்பதா என்று பல மருத்துவமனைகள் குழம்புகின்றன.

செலவு
சம்பளம்: நோயாளி வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டும்.
பங்கு: வரவுக்குப் பிறகே செலவு.

கையருகே இருப்பது
சம்பளம்: இரவு அழைப்பு, வார்டு சுற்று, இறப்பு ஆய்வுக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு.
பங்கு: அறுவை முடிந்ததும் அடுத்த மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுவார். நள்ளிரவில் ரத்தக்கசிவு என்றால் யார் வருவது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அப்போது பணியில் இருக்கும் மருத்துவர்தான் மாட்டிக்கொள்வார்.

உறவு கெடும் இடம்
சம்பளம்: கருவி, விடுப்பு, பணிச்சுமை. பேசித் தீர்க்கலாம்.
பங்கு: கணக்குதான். பங்கு மொத்த பில்லுக்கா, தள்ளுபடி போக மீதிக்கா? காப்பீட்டு நிறுவனம் வெட்டிய தொகை யார் தலையில்? உடலுக்குள் பொருத்தும் இம்பிளான்ட்டின் விலை, பங்கு பிரிக்கும் முன் கழியுமா? மூன்றையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். நோயாளிவாரிப் பட்டியலோடு மாதம் ஒரே தேதியில் பணம் கொடுங்கள். பாதிச் சண்டை வராது. (நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் தருவது வேறு சங்கதி, அதை இதில் கலக்கவே கூடாது.)

அவசரம், தீவிர சிகிச்சை, மகப்பேறு, மயக்கவியலுக்குச் சம்பளமே சரி. வாரத்துக்கு இரண்டு மூன்று பேரே வரும் துறைக்குப் பங்கு போதும். வளரும் துறை என்றால் குறைந்தபட்ச உறுதித் தொகையோடு பங்கில் தொடங்கி, நோயாளிகள் பெருகியதும் சம்பளத்துக்கு மாற்றலாம்.