சுக்கிரன் மோதிரத்துக்கு எந்த ஓப்பல்? பால் குடிக்கும் கல்லும் குடிக்காத கல்லும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுன்களில் ஓப்பல் விற்பது பெரும்பாலும் ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துத்தான். ரிஷப ராசி, துலா ராசி, வைரம் வாங்க வசதியில்லை, அதற்குப் பதில் ஓப்பல். கடைக்காரர் தட்டில் நாலைந்து கல்லைப் பரப்புவார். எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்றுதான், விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும் இருக்கும். வாங்குகிறவர் மினுமினுப்பைப் பார்த்து ஒன்றை எடுப்பார். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கல் தண்ணீர் குடிக்குமா என்பது. ராசிக்கல் மோதிரத்தை நாம் அடிப்பக்கம் திறந்து, கல் விரலைத் தொடும்படி கட்டச் சொல்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில் பச்சைப் பாலிலும் மஞ்சள் நீரிலும் ஊறப்போட்ட பிறகுதான் விரலில் போடுகிறோம். எல்லா ஓப்பலும் இதற்குத் தாங்காது.

ஓப்பல் வைரம் போலப் படிகம் அல்ல. நீர் கலந்த சிலிக்கா. எடையில் பொதுவாக 3 முதல் 10 சதவீதம் தண்ணீர். உள்ளே 150 முதல் 300 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கியிருந்தால்தான் வண்ணம் விளையாடும். சிவப்பு தெரிய உருண்டை பெரிதாக இருக்க வேண்டும், அப்படி அமைவது அரிது, அதனால் சிவப்பு அடிக்கும் கல்லுக்கு விலை அதிகம். கடினம், வைரத்துக்கு 10 தரும் மோஸ் அளவில், 5.5 முதல் 6.5. சாலைத் தூசியில் இருக்கும் மணல் 7. ரப்பர் பால் வெட்டு, செம்பனை வேலைக்குப் போகும் கையில் எந்த ஓப்பலும் மெருகு மங்கத்தான் செய்யும்.

இப்போது கடைகளில் மலிவாகப் பளபளப்பது எத்தியோப்பியக் கல். 2008இல் வொல்லோ பகுதியில், வெகல் தேனா ஊருக்கு அருகில் கிடைக்கத் தொடங்கியது. பெருமளவு ஜெய்ப்பூரில் மெருகேறி வருகிறது. அதே காசுக்கு ஆஸ்திரேலியக் கல்லில் இவ்வளவு நிறம் கிடைக்காது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இது எரிமலைப் பாறையில் விளைந்தது, பெரும்பாலும் நுண்துளை நிறைந்தது. அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சொட்டு மெல்லச் சுருங்கும். அந்த இடம் மட்டும் கண்ணாடியாகத் தெளியும். முழுக் கல்லையும் நனைத்தால் நிறமெல்லாம் ஓடிவிடும், எடையும் கூடும். ஈரக் கல்லைத் தராசில் வைத்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

வெறும் தண்ணீர் என்றால் பயமில்லை. நிழலில் வைத்தால் சில நாளில், சில கற்களில் சில வாரத்தில், நிறம் திரும்பும். அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடித்தால் விரிசல் விடும். மஞ்சள் நீர், கறிக்குழம்பு, தேங்காய் எண்ணெய், அத்தர் வேறு கதை: தண்ணீர் ஆவியாகும், மஞ்சளும் எண்ணெயும் உள்ளேயே தங்கும். பாலில் ஒரு ராத்திரி ஊறிய வெள்ளைக் கல் பழுப்பேறினால், "கல் தோஷத்தை இழுத்துக்கொண்டது" என்று சொல்லிவிடுவார்கள். இழுத்தது பாலை. இந்தக் கல்லை வாங்கியே ஆக வேண்டுமென்றால் பதக்கமாகக் கட்டுங்கள், பூஜையைத் தீபாராதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கற்பூரத்துக்குக் கிட்டே மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி வெள்ளை ஓப்பல் 1915இல் கண்டெடுக்கப்பட்டது. இது படிவுப் பாறையில் விளைந்த கல், துளை மிகக் குறைவு. பால், வியர்வை, லேசான சோப்பு நீர் எதுவும் உள்ளே இறங்காது. நிறம் எத்தியோப்பியக் கல்லைவிட அடக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் திறந்த அடிப்பக்கத்தோடு தினமும் போடும் மோதிரம் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வோம்.

ஆஸ்திரேலியாவின் லைட்னிங் ரிட்ஜ் கறுப்பு ஓப்பல் விலையில் எட்டாத உயரம். அடிநிறத்தை மிகக் கறுப்பான என்1 முதல் வெள்ளையான என்9 வரை தரம் பிரிப்பார்கள். என்1 முதல் என்4 வரைதான் கறுப்பு. மலிவாகக் கறுப்பு என்று காட்டினால், அநேகமாக அது புகையூட்டிய எத்தியோப்பியக் கல். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், குழிகளிலும் கீறல்களிலும் கருமை திட்டுத் திட்டாகத் தேங்கியிருந்தால் புகைதான்.

குவீன்ஸ்லாந்தின் வின்டன், குயில்பி பக்கத்து போல்டர் ஓப்பலுக்கு இங்கே மதிப்புக் குறைவு, அநியாயம்தான். மெல்லிய ஓப்பல் ஏடு, கீழே இயற்கையாகவே ஒட்டிய இரும்புக்கல். அடிபட்டால் தாங்க முதுகில் ஆள் இருக்கிறது. ஆனால் விரலில் படுவது இரும்புக்கல்லாக இருக்கும். ஜோசியர் ஒப்புவாரா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஏடு மெல்லியது என்பதால் கீறலைத் தேய்த்து மெருகேற்றுவதும் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் நடக்காது.

மெல்லிய ஓப்பல் ஏட்டை வேறு பொருளோடு பசையிட்டு ஒட்டிய இரட்டை ஒட்டு, மூன்றடுக்கு ஒட்டுக் கற்களைப் பக்கவாட்டில் பிடித்தாலே தெரியும். நேர்கோடாக ஒரு ஒட்டு ஓடும். மூன்றடுக்கில் மேலே தெளிந்த கண்ணாடியோ குவார்ட்ஸோ கவிந்திருக்கும். கைகழுவும் தண்ணீர் நாளடைவில் பசைக்குள் புகுந்து ஓரத்திலிருந்து சாம்பல் படரும், அதைச் சரிசெய்ய முடியாது. அடிப்பக்கம் மூடிய மோதிரத்தில்தான் இவை ஒளிந்துகொள்ளும். திறந்த கட்டு கேட்கும் நம் பழக்கம் இங்கே கைகொடுக்கிறது.

இந்தோனேசியத் தொழிலாளர்கள் கையில் பார்க்கும் காலிமாயா, ஜாவாவின் பந்தென் பகுதிக் கல். அழகு கொள்ளை போகும். இதுவும் எரிமலைக் கல்தான், காய்ந்ததும் வெடிப்பு விடும் கற்கள் உண்டு. தண்ணீர்ப் புட்டியில் போட்டு விற்றால் வாங்காதீர்கள். மெக்சிகோவின் கெரெத்தாரோ நெருப்பு ஓப்பல் ஆரஞ்சு நிறம், பலவற்றில் வண்ண விளையாட்டே இராது. சுக்கிரனுக்கு வெள்ளை கேட்பவருக்கு அது வேண்டியதில்லை. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் நீலப் பால் நிறத்தில் குவித்திருக்கும் ஓப்பலைட் வெறும் கண்ணாடி. 1974இல் ஜில்சன் என்பவர் கொண்டுவந்த செயற்கை ஓப்பல் அப்படி லேசில் பிடிபடாது. மேலிருந்து பல்லித் தோல் போன்ற கட்டம், பக்கத்தில் தூண் தூணாக நிறம், இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அதுதான்.

கடையின் மஞ்சள் விளக்கில் எல்லாக் கல்லும் எரியும். அஞ்சடிக்கு, அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதைக்கு, எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில், கையை நீட்டிய தூரத்தில், ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் நிறம் செத்துப்போகாத கல் நல்ல கல்.

மோதிரத்தை அளவு மாற்றக் கொடுத்தால் முதலில் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். ஊதுகுழாய்ச் சூட்டில் எந்த ஓப்பலும் வெடிக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியும் நீராவியும் கூடாது. ரசீதில் வெறுமனே 'ஓப்பல்' என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். முழுக் கல்லா, ஒட்டுக் கல்லா, எந்த நாட்டது, புகையோ சாயமோ ஏற்றியதா, காய்ந்த நிலையில் எத்தனை காரட் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் கல் வாங்க வேண்டாம்.