கடலோரக் குசினிக்குக் கண்ணாடித் தட்டு அடுப்பா, ஸ்டீல் தட்டு அடுப்பா?

திருகோணமலையில் இரண்டு பர்னர் காஸ் அடுப்பு வாங்கப் போகிறவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வகைகள்தான் இருக்கின்றன: கறுப்புக் கண்ணாடித் தட்டு அடுப்பு ஒன்று, ஸ்டீல் தட்டு அடுப்பு மற்றொன்று. கண் போவது கண்ணாடியின் மேல்தான். ஆனால் டைக் வீதி, உப்புவெளி, நிலாவெளி என்று கடலை அண்டியிருக்கும் வீடுகளுக்கு, பித்தளை பர்னர் பொருத்திய ஸ்டீல் அடுப்பே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. பலத்த காற்று நேரே வீசாத குசினியில் இருவர் மூவருக்கு மட்டும் சமைக்கும் குடும்பமாக இருந்தால் கண்ணாடி அடுப்பையும் தாராளமாக வாங்கலாம்.

கண்ணாடியின் நன்மை உண்மையானது. சொதி பொங்கி வழிந்தாலும் அடுப்பு ஆறியபின் ஒரு முறை துடைத்தால் போதும், துரு அண்டாது. ஆனால் அந்தத் தட்டு சாதாரணக் கண்ணாடி அல்ல. நன்றாகச் சூடாக்கி, பிறகு காற்றை ஊதி வேகமாகக் குளிரவைப்பதால், அதன் மேற்பரப்பு இறுகியும் உட்பகுதி இழுவிசைக்கு உட்பட்டும் இருக்கும். அதன் பலமும் பலவீனமும் இதுவே: தட்டின் நடுவில் ஓரளவு அடி பட்டாலும் தாங்கும், விளிம்பில் சிறு சிராய்ப்பு விழுந்திருந்தால், என்றோ ஒரு நாள் சூடேறும்போது முழுத் தட்டும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகச் சிதறலாம். எங்கள் சமையலோ அதைச் சோதிக்கும் சமையல். பிட்டு, இடியப்பம் அவிக்கும் அகன்ற பானையை மணிக்கணக்காக ஏற்றி வைக்கும்போது, பானையின் அடியில் பட்ட வெப்பம் திரும்பிக் கீழே கண்ணாடியில் இறங்குகிறது. நெருப்பிலிருந்து இறக்கிய தாச்சியை அவசரத்தில் கண்ணாடியின் மேலேயே வைத்துவிடுகிறோம். கஞ்சி வழிந்ததும் ஈரத்துணியால் சூட்டோடு துடைக்கிறோம். இந்த மூன்றும் கண்ணாடிக்கு ஆகாதவை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை முழுவதும் எரிவாயு வெடிப்புச் சம்பவங்கள் பதிவானபோது, சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்கள் கலக்கும் விகிதம் மாற்றப்பட்டதே முதன்மையாகப் பேசப்பட்டது. அதோடு, வீட்டில் எதை எப்படிப் பாவிக்கிறோம் என்ற கேள்வியும் அன்றிலிருந்து பலருக்கு எழுந்திருக்கிறது.

ஸ்டீல் தட்டு சிதறாது. நெளியும், கறை பிடிக்கும், அவ்வளவுதான். அதன் எதிரி உப்புக்காற்று. மேலே தெரியும் தகடு நல்ல ஸ்டீலாக இருந்தாலும், அடியில் இருக்கும் சட்டமும் கால்களும் பெயின்ற் பூசிய சாதாரண இரும்பாக இருப்பதுண்டு. தகட்டின் மடிப்புக்குள் தேங்கும் உப்புநீர் முதலில் அங்கேதான் பழுப்புக் கோடாகத் தெரியத் தொடங்கும். இரவில் சமையல் முடிந்ததும் அந்த மடிப்பை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் அடுப்பு நெடுங்காலம் உழைக்கும்.

சிக்கனத்தைப் பொறுத்தவரை தட்டு எதுவாக இருந்தாலும் வேறுபாடு இல்லை; அதைத் தீர்மானிப்பது பர்னர். அலுமினியக் கலவைப் பர்னரின் மேல்மூடி உப்பும் கஞ்சியும் பட்டுப்பட்டு அரித்துப்போகும். பித்தளை மூடி துருப்பிடிக்காது, பாரமாக இருப்பதால் சரியாக உட்காரும், பழைய பல்துலக்கியும் ஊசியும் கொண்டு துவாரங்களைச் சுத்தம் செய்யலாம். துவாரம் அடைபட்டால் நீலச் சுவாலை மஞ்சளாகி, பானையின் அடியில் கரி பிடிக்கும். அந்தக் கரி, எரியாமல் வீணாகும் காஸின் அடையாளம். அதோடு கார்பன் மொனொக்சைட்டும் வெளியாகலாம் என்பதால் பர்னரை உடனே கவனிக்க வேண்டும். சுவாலை பானையின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வதும், உலை கொதித்ததும் மூடியிட்டு நெருப்பைக் குறைப்பதும் இரண்டு அடுப்புகளுக்கும் பொதுவானவை; கொதித்துவிட்ட நீர் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகாது. 2022இல் காஸ் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தச் சிக்கனத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலுக்கு நேரே அடுப்பு இருந்தால் சுவாலை சாய்ந்து, சிலவேளை அணைந்தும் விடும். எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது இதற்குத்தான், ஏனெனில் அணைந்த பர்னரிலிருந்து வரும் வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. அது மேலெழுந்து யன்னலால் வெளியேறாமல் தரையில் பரவி மூலைகளில் தேங்கும். காற்றை மறைக்கவென்று அடுப்பைச் சுற்றித் தகடு வைப்பவர்கள் உண்டு. கண்ணாடி அடுப்பில் இது வெப்பத்தைச் சிறைப்பிடித்துத் தட்டை உடைத்துவிடலாம். ஸ்டீல் அடுப்பில் பின்புறம் மட்டும் மறைப்பு வைக்கலாம். ஆனால் அடுப்பின் அடிப்பகுதியால்தான் பர்னருக்குக் காற்றுப் போகிறது, அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

குழாயையும் சிலிண்டரையும் பொறுத்தவரை இரண்டு அடுப்புகளுக்கும் ஒரே விதிதான். சிலிண்டர் நிமிர்ந்து, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். கதவு மூடிய அலுமாரிக்குள் அல்ல. குழாய் அடுப்பின் அடியால் போகக் கூடாது. ரெகுலேற்றரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சியால் பார்க்கவே கூடாது.

ஆகவே கண்ணாடிக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை, சுவாலை அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் அமைப்பு உள்ள அடுப்புக்குக் கொடுங்கள். பர்னரின் ஓரத்தில், பொறி எழுப்பும் முனையைத் தவிர, சுவாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு சிறு உலோக முனை இருக்கிறதா என்று பாருங்கள். அது சூடாக இருக்கும்வரைதான் வால்வு திறந்திருக்கும். கடையிலேயே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பற்றவைத்தபின் குமிழைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் சுவாலை நிலைக்கும், உடனே கையை எடுத்தால் அணைந்துவிடும் என்றால் அந்த அமைப்பு அதில் இருக்கிறது. பிறகு அடுப்பைத் தூக்கி, அடிச் சட்டத்தையும் மடிப்புகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள்.