மான்செஸ்டரா, பர்மிங்காமா?

தொழிற்புரட்சி என்றதும் நம் ஊரில் எல்லாரும் சொல்வது மான்செஸ்டர்தான், கோயம்புத்தூருக்கே அந்தப் பெயரைப் பட்டமாகக் கட்டிவிட்டோம். என்னைக் கேட்டால் பர்மிங்காமும் அதன் மேற்கே உள்ள டட்லி, வால்சால் போன்ற, நிலக்கரி, இரும்புத் தொழில் வட்டாரமான ‘பிளாக் கன்ட்ரி’ ஊர்களும்தான் இன்னும் சுவாரசியம்.

மான்செஸ்டர் பஞ்சை நம்பி வளர்ந்த ஊர். பெரிய பெரிய மில், நூற்றுக்கணக்கில் ஆட்கள், முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் நடுவே பெரிய இடைவெளி. 1819-ல் வாக்குரிமை கேட்டுக் கூடிய கூட்டத்தின் மேல் குதிரைப்படையை ஏவியதில் குறைந்தது 15 பேர் செத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பஞ்சு வரத்து நின்று சுற்று வட்டாரமே பட்டினி கிடந்தபோதும், 1862 டிசம்பர் 31 அன்று தொழிலாளர்கள் கூட்டம் போட்டு, அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி லிங்கனுக்கு எழுதினார்கள், அவரும் பதில் எழுதினார். இதற்கு ஈடாகச் சொல்ல பர்மிங்காமிடம் எதுவும் இல்லை.

பர்மிங்காமின் பலம் பட்டறை. பொத்தான், துப்பாக்கி, நகை, பேனா நிப் என்று ஆயிரம் தொழில். ஒரு நிப்பை எடுத்துக்கொண்டால், எஃகுத் தகட்டில் வெட்டி, துளை போட்டு, வளைத்து, நுனியைப் பிளந்து என்று ஒவ்வொரு வேலையும் வேறு வேறு கை; கை அழுத்த எந்திரங்களில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சின்னப் பட்டறையில் முதலாளியும் பக்கத்திலேயே நின்று வேலை செய்வார், அதனால்தான் 1832 தேர்தல் சீர்திருத்தத்துக்கு இங்கே இரு தரப்பும் ஒன்றாகப் போராட முடிந்தது. அப்புறம் 1870-களில் மேயர் ஜோசப் சேம்பர்லின் எரிவாயுவையும் தண்ணீரையும் நகராட்சியின் கைக்கே கொண்டுவந்தார்.

அதற்காகப் பட்டறை வாழ்க்கையை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. பிளாக் கன்ட்ரியின் கிராட்லி ஹீத்தில் பெண்கள் வீட்டுக் கொல்லையில் உலை மூட்டி, சுத்தியலால் சங்கிலி அடித்தார்கள், கூலி அரை வயிற்றுக்கும் காணாது. சட்டப்படி நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை முதலாளிகள் இழுத்தடித்ததால் 1910-ல் தொழிற்சங்கத் தலைவி மேரி மக்கார்தர் தலைமையில் பத்து வாரம் போராடி ஜெயித்தார்கள்.

பர்மிங்காம் சறுக்கியது எப்போது என்றால், அதுவும் மான்செஸ்டர் மாதிரி ஒரே தொழிலை நம்ப ஆரம்பித்தபோதுதான். இருபதாம் நூற்றாண்டில் எல்லாம் கார், காருக்கான உதிரிபாகம் என்றாகிவிட்டது; 1970-களுக்குப் பிறகு அது சரிய, வட்டாரமே சரிந்தது. 1905-ல் தொடங்கிய லாங்பிரிட்ஜ் கார் ஆலை 2005-ல் நொடித்தபோது ஒரே அடியில் 6,000 பேருக்கு மேல் வேலை போனது. நகைப் பட்டறைகள் மட்டும் இன்றைக்கும் ஓடுகின்றன, தங்கம், வெள்ளியின் தரத்தைச் சோதித்து, 1773-ல் ஆரம்பித்த பர்மிங்காமின் நங்கூர முத்திரையைத்தான் நகைகளில் இன்னும் குத்துகிறார்கள்.