'ஐ7' ஸ்டிக்கரைக் காட்டி எக்ஸ்சேஞ்ச் கேட்கும் கடைகள்: ஓர் எச்சரிக்கை

பழைய டெஸ்க்டாப்பைக் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டு, பயன்படுத்திய லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஸ்டுடியோ, அச்சக வேலையில் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

தண்டையார்பேட்டையில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்துக் கல்யாண வீடியோக்கள்தான் பிழைப்பு. எடிட்டிங் எல்லாம் இன்டெல் கோர் ஐ5-3470 பிராசஸர் போட்ட டெஸ்க்டாப்பில் நடந்தது. 2012-இல் வந்த பிராசஸர். பழையதுதான், ஆனால் ஒருநாளும் வேலையைக் கெடுத்ததில்லை. மண்டபத்துக்கும் தூக்கிக்கொண்டு போக வசதியாக ஒன்று வேண்டும் என்று பெரம்பூரில் ஒரு கடையில் விசாரித்தேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

கடைக்காரர் ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தார். "அண்ணா, உங்களுடையது மூன்றாம் தலைமுறை ஐ5. இது ஏழாம் தலைமுறை ஐ7. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதுவுமில்லாமல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டது, உங்கள் பெட்டியை இனி யாரும் சீண்ட மாட்டார்கள். இதில் விண்டோஸ் 11 ஓடுகிறது" என்றார். வீடியோ வேலைக்கு நான்கு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கட்டாயம் வேண்டும் என்று நான் அழுத்திச் சொன்னேன். உடனே கணினியின் விவரங்களைக் காட்டும் டிஎக்ஸ்டியாக் என்ற விண்டோஸ் திரையைத் திறந்து, பிராசஸர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் '4 சிபியுஸ்' என்று இருந்ததை விரல் வைத்துக் காட்டினார். லேப்டாப்பும் கண்மூடித் திறப்பதற்குள் ஆன் ஆனது. டெஸ்க்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன்.

முகூர்த்த நாள் வேலை வந்ததும் சாயம் வெளுத்தது. பழைய டெஸ்க்டாப்பில் மதியச் சாப்பாட்டுக்குள் ரெண்டர் ஆகிவிடும் (எடிட் செய்தது முழு வீடியோவாகிவிடும்) அளவு வேலை, விளக்கு வைக்கும் நேரம்வரை இழுத்தது. பிராசஸர் எப்படி ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. சில நிமிடங்களில் விசிறி இரைய, விசைப்பலகையின் மேல்பகுதி கை வைக்க முடியாமல் சூடேற, 2.7-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அதே திரையின் கீழே 'கோர்ஸ்: 2' என்றும், 'லாஜிக்கல் பிராசஸர்ஸ்: 4' என்றும் இருந்தது.

பித்தலாட்டம் இதுதான். எனக்குத் தந்தது ஐ7-7500யு. 2016-இல் வந்தது, இரண்டே கோர். ஒவ்வொரு கோரும் இரண்டு வேலைத்தொடர்களை ஒரே நேரத்தில் சேர்த்துப் பார்ப்பதால் டிஎக்ஸ்டியாக் அதை நான்கு என்று எண்ணிக் காட்டுகிறது. என் ஐ5-3470-இலும் அந்தத் திரை நான்கு என்றுதான் காட்டும். ஆனால் அங்கே இருந்தவை நான்கு உண்மையான கோர்கள். ஒரே கூலியாள் இரண்டு கூடையைச் சேர்த்துச் சுமந்தால் அவர் இரண்டு ஆள் ஆகிவிட மாட்டார். மின்சாரக் கணக்கும் அப்படித்தான்: டெஸ்க்டாப் பிராசஸர் 77 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டது, இது 15 வாட்டுக்கு. பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த சில்லு, தொடர்ந்து முழுவேகத்தில் ஓடுவதற்கு அல்ல. பெயரின் கடைசியில் வரும் 'யு' என்ற எழுத்து அதைத்தான் சொல்கிறது.

லேப்டாப்பையே குறை சொல்லவில்லை. ஒரு கோர் மட்டும் உழைக்கும் வேலைகளில், அதாவது இணையம் பார்ப்பது, கணக்கு எழுதுவது, தட்டச்சு போன்றவற்றில், அது என் பழைய பிராசஸருக்குச் சளைத்ததல்ல. கடையில் அவ்வளவு வேகமாகத் திறந்ததற்குக் காரணம் பிராசஸர் அல்ல, உள்ளே இருந்த எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம். என் டெஸ்க்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டிருந்தால் அதுவும் அப்படித்தான் திறந்திருக்கும். அதை என்னிடம் சொல்வதில் கடைக்காரருக்கு ஒரு லாபமும் இல்லை.

விண்டோஸ் 11 பேச்சும் பொய். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது உண்மை. ஆனால் விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லும் பிராசஸர்களின் பட்டியல், இன்டெல்லைப் பொறுத்தவரை, ஒருசில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. 7500யு அதில் இல்லை. நிறுவும்போது நடக்கும் தகுதிச் சோதனையை ஏமாற்றி நிறுவிக் கொடுத்திருக்கிறார்கள்.

திரும்பிப் போய்க் கேட்டபோது, "பில்லில் ஐ7 லேப்டாப் என்றுதான் இருக்கிறது, ஐ7தானே கொடுத்தோம்?" என்கிறார்கள். டெஸ்க்டாப்பை விற்றுவிட்டார்களாம்.

ஆகவே பில்லில் 'ஐ7' என்று மட்டும் எழுத விடாதீர்கள். பிராசஸரின் முழு எண்ணையும் கடைசி எழுத்தோடு எழுதச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'கோர்ஸ்' என்ற வரியை நீங்களே பாருங்கள். 2017-இல் வந்த ஐ5-8250யு-வில் நான்கு கோர் உண்டு. அதன் பெயரில் ஐ5 என்று இருந்தாலும் எனக்குத் தந்த ஐ7-ஐவிட இந்த வேலைக்கு அதுதான் மேல். முடிந்தால் உங்கள் வீடியோ ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ரெண்டர் போட்டுப் பாருங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய்வரை உள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பெரம்பூர், வியாசர்பாடி வட்டாரத்தில் இதேபோல் எக்ஸ்சேஞ்சில் கொடுத்து ஏமாந்தவர்கள் பில்லையும் டாஸ்க் மேனேஜர் திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.