மாப்பிள்ளை அட்டையில் ஒரு யோசெமிட்டி

மகள் வீடு கலிஃபோர்னியாவில் இருக்கும் ஃப்ரெஸ்னோவில். மாப்பிள்ளை முன்பு அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்குள் இலவசமாக நுழைய அவரிடம் இருக்கும் முன்னாள் படைவீரர் பார்க் பாஸைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

யோசெமிட்டி தேசியப் பூங்கா வாசலில் காருக்கு 35 டாலர். மாப்பிள்ளை தன் லைசென்ஸை நீட்டினார். அதில் 'வெட்டரன்', அதாவது முன்னாள் படைவீரர், என்று அச்சாகியிருக்கிறது. பூங்கா காவலரான ரேஞ்சர் பெண் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து, பின்பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னார். அவ்வளவுதான். காசு கிடையாது, ஆயுளுக்கும் செல்லும். காருக்குள் புளியோதரைத் தூக்கோடு உட்கார்ந்திருந்த நானும் அதில் அடக்கம்!

முன்பெல்லாம் வருஷா வருஷம் வாங்கவேண்டுமாம். 2022 நவம்பர் 11-லிருந்துதான் ஆயுள் பாஸ். ரிசர்வ் படையில் இருப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இலவச வருட பாஸ் உண்டு. போரில் படைவீரரை இழந்த குடும்பங்களுக்கும் ஆயுள் பாஸ் தருகிறார்கள். நியாயமான காரியம்.

குறை ஒன்று. மாப்பிள்ளை கூட வந்தால்தான் அட்டை செல்லும். அவர் வேலைக்குப் போன நாளில் மகளும் நானும் மட்டும் போனால் வாசல் கட்டணத்தை எடுத்துவைக்கவேண்டும். கப்பலில் அவர் இருந்த மாதங்களில் கைக்குழந்தையோடு தனியாக நின்றவள் அவள். அவளுக்கும் ஓர் அட்டை கொடுத்தால் என்ன? கூடாரம் போடுகிற கட்டணத்துக்கும் இது உதவாது. அப்புறம், வாசலிலேயே வாங்குங்கள், தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஐந்துக்கு நாலரை.